மழை இரவும் சாலமாண்டரும்: வாசகர் கேள்வி – பதில்

சாலமாண்டர்கள் வாழிடம் இழப்பது பற்றியும், சாலையில் நசுங்கிச் சாவது பற்றியும் வாசகர்கள் கேட்ட கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறோம். ஒரே விஷயத்தைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

கேள்வி: சாலமாண்டர் பல்லி வகைதானே? அதைக் காப்பாற்ற இவ்வளவு மெனக்கெட வேண்டுமா?

பார்க்கப் பல்லி மாதிரி இருக்குமே தவிர, அது தவளையின் சொந்தம். பல்லிக்கு இருக்கும் செதில் இதற்குக் கிடையாது. ஈரமான வழவழத்த தோல் மட்டும்தான். அந்தத் தோல் வழியாகத்தான் தண்ணீரை உறிஞ்சுகிறது, மூச்சும் விடுகிறது. சாலமாண்டர்களில் மிகப் பெரிய குடும்பத்தைச் சேர்ந்தவற்றுக்கு நுரையீரலே இல்லை. தோல் காய்ந்தால் அவற்றுக்கு உயிர் போய்விடும். நிழல் குறைந்தாலும், சருகு மெத்தை போனாலும், தண்ணீரில் ரசாயனம் கலந்தாலும் முதல் அடி இவற்றுக்குத்தான் விழுகிறது.

நிலத்திலும் நீரிலும் வாழும் 8,011 இனங்களை மதிப்பிட்ட உலகளாவிய ஆய்வு 2023-இல் வெளியானது. அதன்படி மொத்த இனங்களில் ஐந்தில் இரண்டு பங்கு அழியும் ஆபத்தில் இருக்கின்றன. சாலமாண்டர்களை மட்டும் எடுத்துக்கொண்டால் ஐந்தில் மூன்று. தவளைகளைவிட இவற்றின் நிலைமை மோசம். மெனக்கெடத்தான் வேண்டும்.

கேள்வி: காட்டில் வாழும் பிராணி எதற்காகச் சாலைக்கு வருகிறது? அதுவும் மழை பெய்யும் இரவில் மட்டும் ஏன் இத்தனை?

அதற்கு இரண்டு வீடுகள். வட அமெரிக்காவின் புள்ளி சாலமாண்டரை எடுத்துக்கொள்ளுங்கள். கருநீல உடல், முதுகில் இரண்டு வரிசையாக மஞ்சள் புள்ளிகள். வருடத்தில் பெரும்பகுதியைக் காட்டுத் தரைக்கு அடியில், மூஞ்சூறு போன்ற சிறு பிராணிகள் தோண்டிய வளைகளில் கழிக்கிறது. முட்டையிடக் குட்டைக்குத்தான் போக வேண்டும். பனி உருகி, தரை இளகி, குளிர்காலம் முடிந்து வரும் முதல் நல்ல மழை இரவில், வெப்பநிலை சுமார் 5 டிகிரி செல்சியஸைத் தாண்டியதும் கூட்டமாகக் கிளம்புகிறது. மழை இருந்தால்தான் தோல் காயாமல் இவ்வளவு தூரம் நடக்க முடியும். இருட்டு இருந்தால்தான் பறவைகளுக்குத் தப்ப முடியும். முட்டையிட்டு முடித்ததும் அதே வழியாகத் திரும்பும். கோடையில் குட்டிகளும் குட்டையை விட்டுக் காட்டுக்குப் போகும்.

ஆக, காட்டுக்கும் குட்டைக்கும் நடுவே சாலை போட்டிருந்தால், ஒரு வருடத்தில் அந்தச் சாலையை மூன்று தடவை இந்த இனம் கடக்கிறது. வண்டி வெளிச்சம் பட்டால் ஓடாது, அப்படியே நின்றுவிடும். ஓட நினைத்தாலும் அந்தக் குட்டைக் கால்களுக்கு வேகம் கிடையாது. நனைந்த தார்மேல் அது விழுந்து கிடக்கும் ஈரக் குச்சி போலத்தான் தெரியும். ஓட்டுநர்கள் வேண்டுமென்று ஏற்றுவதில்லை, கண்ணில் படுவதே இல்லை.

கேள்வி: ஒரே தடவையில் நூறு முட்டை இடுகிறது என்கிறார்கள். ஒரு இரவில் பத்து இருபது செத்தால் பெரிய நஷ்டமா?

பெரிய நஷ்டம்தான். முட்டையிலிருந்து வரும் குஞ்சுகளில் மிகச் சிலவே குட்டையை விட்டு உயிரோடு கரையேறும். இந்த இனம் தாக்குப்பிடிப்பது முட்டையின் எண்ணிக்கையால் இல்லை, வளர்ந்த பிராணிகள் நீண்ட நாள் வாழ்வதால். புள்ளி சாலமாண்டர் இருபது வருடம்கூட வாழக்கூடியது. பெண் பருவத்துக்கு வரவே மூன்று முதல் ஐந்து வருடம் ஆகும். குட்டை சீக்கிரம் வற்றிப்போன வருடத்தில் ஒரு குஞ்சுகூடத் தேறாது. அப்படி மூன்று நாலு மோசமான வருடங்கள் வந்தாலும், பெற்றோர் உயிரோடு இருந்தால் ஐந்தாவது வருடம் சரிக்கட்டிவிடும். சாலை கொல்வது அந்தப் பெற்றோரைத்தான், அதுவும் முட்டையிடப் போகும் வழியில், வயிறு நிறைய முட்டையோடு.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பகுதிக் குட்டைகளை வைத்து 2005-இல் வந்த ஒரு கணக்கு இருக்கிறது. வளர்ந்தவற்றில் வருடத்துக்குப் பத்து சதவீதத்துக்கு மேல் சாலையில் செத்தால், அந்தக் குட்டையின் கூட்டம் காலப்போக்கில் அற்றுப்போகக்கூடும். நூறு சாலமாண்டர்கள் வரும் குட்டையில் பத்து என்பது ஒரே இரவில், ஒரு சில கார்களால் முடிந்துவிடும் எண்ணிக்கை.

கேள்வி: எங்கள் வீட்டருகே உள்ள காட்டுச் சாலையில் ஒவ்வொரு வசந்தத்திலும் இவை சாகின்றன. நாங்கள் நாலைந்து பேர் இரவில் போய்க் காப்பாற்ற நினைக்கிறோம். எப்படிச் செய்வது?

முதலில் உங்கள் உயிர். எல்லோருக்கும் ஒளி பிரதிபலிக்கும் மேல்சட்டை, நெற்றியில் கட்டும் விளக்கு, கையில் இன்னொரு டார்ச் வேண்டும். வளைவிலும் மேட்டின் உச்சியிலும் யாரும் நிற்கக்கூடாது. வண்டியை நடைதூரத்தில் சாலைக்கு வெளியே நிறுத்திவிட்டு நடந்தே வாருங்கள். வண்டி வந்தால் பிராணியை விட்டுவிட்டு ஓரம் ஏறிவிட வேண்டும். போக்குவரத்தை நிறுத்தும் அதிகாரம் உங்களுக்கு இல்லை, அதற்குக் காவல்துறையிடமோ உள்ளாட்சியிடமோ முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். அழியும் நிலையில் உள்ள இனமாக இருந்தால் கையால் தொடவே வனவிலங்குத் துறையின் அனுமதி தேவைப்படும். இதைச் சீசனுக்கு முன்பே விசாரித்துவிடுங்கள்.

கை விஷயத்தில் பலர் தவறு செய்கிறார்கள். கொசு விரட்டி, சன்ஸ்கிரீன், சானிடைசர், கை கிரீம் எதுவும் கையில் இருக்கக்கூடாது. எதைத் தடவியிருந்தாலும் அது நேரே அந்தத் தோலுக்குள் போகும். பவுடர் போடாத நைட்ரைல் கையுறையை மழைத்தண்ணீரில் நனைத்துப் போட்டுக்கொள்ளுங்கள். கையுறை இல்லாவிட்டால் வெறும் தண்ணீரில் கழுவிய ஈரக்கை போதும். வாலைப் பிடித்துத் தூக்காதீர்கள், சில இனங்களுக்கு வால் கழன்றுவிடும். உள்ளங்கையை அதன் வயிற்றுக்கு அடியில் நுழைத்து, மேலே மற்றொரு கையைக் குடை மாதிரி கவித்து எடுங்கள்.

எந்தப் பக்கம் முகம் வைத்திருக்கிறதோ அந்தப் பக்கத்துச் சாலை ஓரத்தில், தாரிலிருந்து ஓரிரண்டு மீட்டர் தள்ளிச் சருகில் விடுங்கள். குட்டை வரை கொண்டுபோய் விட ஆசையாக இருக்கும். வேண்டாம். நீங்கள் நினைக்கும் குட்டை அது போக நினைத்த குட்டையாக இல்லாமல் இருக்கலாம். முட்டையிட்டுவிட்டுத் திரும்பி வருவதை மறுபடி குட்டைக்கே கொண்டுபோய் விட்டவர்களும் உண்டு.

ஒரே நேரத்தில் நிறைய வந்தால் மட்டும் வாளியில் எடுங்கள். அடியில் ஈரச் சருகு போதும், தண்ணீர் ஊற்ற வேண்டாம். சில நிமிடங்களுக்கு மேல் வைத்திருக்கக்கூடாது. இந்தக் குட்டையின் வாளியை அடுத்த குட்டைக்குக் கொண்டுபோகும் முன் கிருமிநீக்கம் செய்ய வேண்டும், முறையைக் கீழே வேறொரு பதிலில் சொல்லியிருக்கிறோம்.

செத்துக் கிடப்பவற்றையும் எண்ணுங்கள். எண்ணியதைச் சாலையிலிருந்து அகற்றிவிட்டால் இரண்டாம் தடவை கணக்கில் வராது, அதைத் தின்ன வரும் பிராணியும் அடிபடாது. தேதி, நேரம், வெப்பநிலை, மழை, இனம், உயிரோடு எத்தனை, செத்தது எத்தனை, எந்தத் திசை, மணிக்கு எத்தனை வண்டி என்று எழுதிவையுங்கள். சாலையை 25 மீட்டர் துண்டுகளாகப் பிரித்து எண் கொடுத்துக்கொண்டால், எந்தத் துண்டில் அதிகம் கடக்கின்றன என்பது இரண்டு மூன்று வருடத்தில் தெளிவாகிவிடும். கையால் தூக்கி விடுவது அந்த இரவுக்கு மட்டும்தான் உதவும். சுரங்கப்பாதை கேட்டுப் போகும்போது மேசைமேல் வைக்க இந்த நோட்டுப்புத்தகம்தான் இருக்கும். ஆதலால் எண்ணுவதற்கென்றே ஒருவரை ஒதுக்குங்கள்.

கிளம்பும்போது உங்கள் வண்டிச் சக்கரத்துக்கு அடியில் டார்ச் அடித்துப் பாருங்கள்.

கேள்வி: சாலைக்கு அடியில் ஒரு குழாய் பதித்துத் தருகிறோம் என்று உள்ளாட்சியில் சொல்கிறார்கள். போதுமா?

குழாய் மட்டும் போதாது. சுரங்கப்பாதை வெற்றி பெறுவதும் தோற்பதும் பெரும்பாலும் வேலியில்தான் இருக்கிறது. சாலமாண்டர் வாசலைத் தேடி வராது. தான் போகும் நேர்கோட்டில் போகும். தடை வந்தால் கொஞ்ச தூரம் அதன் ஓரமாக நடந்து பார்க்கும், வழி கிடைக்காவிட்டால் திரும்பிவிடும் அல்லது சளைத்து நின்றுவிடும். கலிபோர்னியாவில் புலி சாலமாண்டர்களைக் கேமரா வைத்துக் கவனித்த ஆய்வு, ஒரு பாதைக்கும் அடுத்த பாதைக்கும் நடுவே 12.5 மீட்டருக்கு மேல் இடைவெளி இருக்கக்கூடாது என்று பரிந்துரைத்தது. ஆகவே இருநூறு மீட்டர் சாலைக்கு ஒரே குழாய் என்றால், அதன் வாய்க்கு நேர் எதிரே வருபவை மட்டும் தப்பும்.

குழாயின் அளவும் முக்கியம். ஜெர்மனியின் வழிகாட்டு நெறி, 20 மீட்டர் நீளம் வரையுள்ள பாதைக்குக் குறைந்தது 1 மீட்டர் அகலமும் 75 சென்டிமீட்டர் உயரமும் கேட்கிறது. தட்டையான அடித்தளம் நல்லது, வட்டக் குழாயில் பிராணி சுவரேறிச் சரியும். உள்ளே காட்டு மண்ணைப் பரப்பி ஈரமாக வைக்க வேண்டும், ஆனால் தண்ணீர் ஓடக்கூடாது. மழைநீர் வடிகாலையே பாதையாகப் பயன்படுத்தலாம் என்று சிக்கனம் பார்த்தால், அவை நடக்கும் அதே மழை இரவில் அது நிரம்பி ஓடும். மேற்புறத்தில் துளைகள் வைத்த பாதையில் வெளிச்சமும் ஈரக்காற்றும் மழையும் இறங்கும். உள்ளே இருட்டாகவும் காய்ந்தும் இருந்தால் வாசலிலேயே தயங்கி நிற்கும்.

இனி வேலி. உயரம் குறைந்தது 40 சென்டிமீட்டர். மேல் விளிம்பு பிராணி வரும் பக்கம் நோக்கி வளைந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஈரத்தோல் ஒட்டிக்கொண்டு ஏறிவிடும். அடிப்பகுதி 10 சென்டிமீட்டராவது மண்ணுக்குள் புதைந்திருக்கட்டும். வலை வேண்டாம். மறுபக்கம் தெரிந்தால் அதன் வழியாகவே நுழையப் பார்த்து நேரத்தையும் சக்தியையும் வீணாக்கும். மறைக்கும் பலகையோ கான்கிரீட்டோ போடுங்கள். வேலியின் இரு முனைகளையும் ‘ப’ போல உள்பக்கமாகத் திருப்பிவிடுங்கள், முனைக்கு வந்தது சாலைக்குப் போகாமல் வந்த பக்கமே திரும்பும். சாலையின் இரண்டு பக்கமும் வேலி வேண்டும், ஏனென்றால் திரும்பியும் வரும். கோடையில் வெளியேறும் குட்டிகள் ஐந்து சென்டிமீட்டர்தான் இருக்கும், இணைப்புகளில் விரல் நுழையும் சந்து இருந்தாலும் அவை வெளியே போய்விடும்.

கட்டி முடித்ததோடு வேலை முடியாது. பனி அள்ளும் வண்டி வேலியை இடித்துச் சாய்த்திருக்கும், புல் வளர்ந்து ஏணியாகியிருக்கும், பாதையின் வாயில் இலை அடைத்திருக்கும். ஒவ்வொரு சீசனுக்கும் முன்னால் ஒருவர் முழு நீளமும் நடந்து பார்த்தாக வேண்டும். ஒப்பந்தம் போடும்போதே பராமரிப்பு யார் பொறுப்பு, பணம் எந்தக் கணக்கில் என்று எழுதி வாங்கிவிடுங்கள்.

சரியாகச் செய்தால் பலன் கண்கூடு. மாசசூசெட்ஸின் ஆம்ஹர்ஸ்ட் ஊரில் 1987-இல் புள்ளி சாலமாண்டருக்காக இரண்டு சுரங்கப்பாதைகள் போட்டார்கள், வாசல் வரை வந்தவற்றில் சுமார் முக்கால்வாசி கடந்து போயின. வெர்மான்டின் மாங்க்டன் ஊரில் 2015-இல் கட்டிய பாதைகளால், அந்த இடத்தில் சாலமாண்டர், தவளைச் சாவுகள் ஏறத்தாழ 80 சதவீதம் குறைந்தன.

கேள்வி: சுரங்கப்பாதைக்குப் பணமில்லை. வேறு வழி?

சாலையை மூடுவது. கேட்பதற்குப் பெரிதாகத் தெரிந்தாலும் பல ஊர்களில் நடக்கிறது. கனடாவின் பர்லிங்டன் நகரம், ஜெபர்சன் சாலமாண்டருக்காகக் கிங் ரோட்டின் ஒரு பகுதியை 2012 முதல் வசந்தகாலத்தில் சுமார் மூன்று வாரம் மூடிவைக்கிறது. கலிபோர்னியாவின் டில்டன் பூங்காவில் சவுத் பார்க் டிரைவ், நியூட்டுகள் (சாலமாண்டரில் ஒரு வகை) நடக்கும் நவம்பர் முதல் மார்ச் வரை வண்டிகளுக்கு மூடப்படுகிறது. மாற்றுவழி உள்ள சிறு சாலையாகப் பார்த்துக் கேளுங்கள். மழை முன்னறிவிப்பைப் பார்த்து, ஒரு சில இரவுகளுக்கு மட்டும் மூடினாலும் பெரும் கூட்டம் பிழைத்துவிடும்.

இன்னொன்று, ஐரோப்பாவில் பரவலாக உள்ள வாளி வேலி. சீசனுக்கு மட்டும் சாலையோரம் தற்காலிக வேலி நட்டு, பத்து இருபது மீட்டருக்கு ஒரு வாளியைத் தரைமட்டத்துக்குப் புதைக்கிறார்கள். விழுந்தவற்றை விடியற்காலையில் எடுத்து மறுபக்கம் விடுகிறார்கள். வாளியின் அடியில் தண்ணீர் வடியத் துளைகளும், எலி, வண்டு போன்றவை ஏறித் தப்ப ஒரு குச்சியும் அவசியம். ஒரு நாள் காலைகூடத் தவறக்கூடாது. ஆள் வர முடியாத நாளில் வாளிகளை மூடி வேலியைத் திறந்துவிடுங்கள். கவனிப்பாரற்ற வாளி, சாலையைவிட அதிகம் கொல்லும்.

கேள்வி: வண்டியே வராத குடியிருப்புச் சாலையிலும் இவை காணாமல் போகின்றன. ஏன்?

மழைநீர் வடிகால் குழியைத் திறந்து பாருங்கள். செங்குத்தான நடைபாதை விளிம்பில் ஏற முடியாமல் அதன் ஓரமாகவே நடந்து, கம்பிச் சந்து வழியாக உள்ளே விழுந்திருக்கும். விளிம்பைச் சாய்வாக அமைப்பது, இல்லையென்றால் குழிக்கு நேரே விளிம்பில் ஒரு குழிவு வைத்துச் சுற்றிப்போக வழிவிடுவது, குழிக்குள் சொரசொரப்பான சிறு ஏணியைத் தொங்கவிடுவது ஆகிய மூன்றுமே செலவு குறைந்தவை.

கேள்வி: எங்கள் நிலத்தில் உள்ள குட்டை கோடையில் வற்றிவிடுகிறது. பாவம், சாலமாண்டருக்காக ஆழப்படுத்தி மீன் விடலாமா?

தயவுசெய்து செய்யாதீர்கள். அது வற்றுவதால்தான் அங்கே சாலமாண்டர் இருக்கிறது. வற்றும் குட்டையில் மீன் வாழாது. மீன் இருந்தால் குஞ்சுகள் மிஞ்சாது. ஆழப்படுத்தினால் பெரிய தவளைகளும் குடியேறி மீதியைத் தின்னும். புள்ளி சாலமாண்டர் குஞ்சு செவுள் உதிர்த்துக் கரையேற இரண்டு முதல் நான்கு மாதம் வேண்டும். அதுவரை தண்ணீர் நின்று, பிறகு வற்றினால் அது அருமையான குட்டை.

உள்ளே விழுந்த கிளைகளை அள்ளிச் சுத்தம் செய்யாதீர்கள், முட்டைத்திரளை அவற்றில்தான் ஒட்டவைக்கும். உள்ளங்கையளவு கெட்டிக் கூழாக இருக்கும் அந்தத் திரள், நாளாக ஆக உள்ளே பச்சை படியும். அழுகிவிட்டது என்று எடுத்தெறிகிறவர்கள் உண்டு. அது ஒரு பாசி. கருவின் கழிவைத் தான் எடுத்துக்கொண்டு கருவுக்குப் பிராணவாயு தருகிறது. பச்சை முட்டை நல்ல முட்டை. அதை வீட்டுத் தொட்டிக்கு எடுத்துப்போவதும் வேண்டாம்.

மரம் வெட்டும் இயந்திரத்தின் சக்கரத்தடம் இன்னொரு பொறி. அதில் தேங்கிய தண்ணீரைக் குட்டை என்று நம்பி முட்டையிடும், சில வாரத்தில் காய்ந்துவிடும். வேலை முடிந்ததும் தடங்களை நிரவிவிடச் சொல்லுங்கள். தரை உறைந்திருக்கும் காலத்தில் வெட்டினால் தடமே பதியாது.

கேள்வி: குட்டையைச் சுற்றி 15 மீட்டர் விட்டுவிட்டு வீடு கட்டுகிறோம் என்கிறார் நில உரிமையாளர். சரியா?

குட்டைத் தண்ணீரைக் காக்க அது ஓரளவு உதவும். சாலமாண்டரைக் காக்காது. அது வருடத்தில் சில வாரம்தான் தண்ணீரில் இருக்கிறது, மீதி நாட்கள் காட்டில். சாலமாண்டர்கள் தம் வாழ்வுக்குப் பயன்படுத்தும் நிலம் நீர்நிலை ஓரத்திலிருந்து சராசரியாக 117 முதல் 218 மீட்டர் வரை விரிகிறது என்று 2003-இல் வந்த தொகுப்பாய்வு காட்டியது. அமெரிக்க வடகிழக்கில் கட்டுமானத்துக்கென வகுத்த நெறி இப்படி: குட்டையைச் சுற்றி முதல் 30 மீட்டரில் எதையும் தொடக்கூடாது, அதற்கு வெளியே சுமார் 230 மீட்டர் வரை கால் பங்குக்கு மேல் காட்டைக் குலைக்கக்கூடாது. 15 மீட்டர் என்பது தண்ணீர்த் தொட்டியை வைத்துக்கொண்டு வீட்டை இடிப்பதற்குச் சமம்.

பேச்சுவார்த்தையில் பரப்பளவை மட்டும் பேசாதீர்கள், வடிவத்தைப் பேசுங்கள். வீடுகளை ஒரு பக்கமாக நெருக்கிக் கட்டி, மறுபக்கம் குட்டையும் காடும் சாலை குறுக்கிடாமல் ஒட்டியிருக்கும்படி செய்தால், அதே எண்ணிக்கை வீடுகளுக்கே இடம் கிடைக்கும். கலிபோர்னியாவில் 1954-இல்தான் கண்டுபிடிக்கப்பட்ட சான்டா குரூஸ் நீள்விரல் சாலமாண்டரின் வாலென்சியா குட்டை, 1969 நெடுஞ்சாலைப் பணியில் பெரும் சேதம் கண்டது. அந்த இனம் அதற்கு முன்பே, 1967-லேயே, அழிவாபத்துப் பட்டியலில் இருந்தது. பட்டியலில் இருப்பது மட்டும் ஒரு குட்டையைக் காத்துவிடாது, வரைபடம் போடும் மேசையில் யாராவது உட்கார்ந்திருக்க வேண்டும்.

கேள்வி: பனி உருகச் சாலையில் தூவும் உப்பு இவற்றைப் பாதிக்குமா?

பாதிக்கும். முட்டைத்திரளின் கூழ் தண்ணீரை உறிஞ்சி உப்பித்தான் கருவைக் காக்கிறது. உப்புத்தண்ணீரில் அது சுருங்கிவிடுகிறது, பிறகு நல்ல தண்ணீருக்கு மாற்றினாலும் பழையபடி உப்புவதில்லை. நெடுஞ்சாலை உப்பு 170 மீட்டர் தள்ளியுள்ள குட்டைவரை போவது நியூயார்க் மாநிலத்தின் அடிரோண்டாக் மலைப்பகுதியில் அளந்து அறியப்பட்டிருக்கிறது. குட்டைகள் உள்ள துண்டில் உப்பைக் குறைத்து மணல் சேர்க்கவும், அள்ளிய பனியைக் குட்டைப் பக்கம் கொட்டாதிருக்கவும் சாலைத் துறையிடம் கேளுங்கள்.

கேள்வி: வளர்க்க முடியாமல் போன செல்லச் சாலமாண்டரைக் காட்டுக் குட்டையில் விட்டால் எண்ணிக்கை கூடுமே?

கூடாது, குறையும். நெதர்லாந்தில் நெருப்பு சாலமாண்டர்கள் 2010 முதல் கொத்துக் கொத்தாகச் செத்து, இருந்தவற்றில் 96 சதவீதம் போய்விட்டன. காரணம் தோலைத் தின்னும் ஒரு பூஞ்சை, ஆசியாவில் தோன்றியது, செல்லப்பிராணி வணிகத்தோடு பயணப்பட்டது. 2013-இல் அதற்குப் பெயரிட்டார்கள். அது வந்துவிடக்கூடாது என்றுதான் அமெரிக்கா 2016-இல் 201 சாலமாண்டர் இனங்களின் இறக்குமதியைத் தடுத்தது. பார்க்க ஆரோக்கியமாக இருக்கும் பிராணியும் அதைச் சுமக்கலாம். விற்றவரிடமோ, ஊர்வன வளர்ப்போர் அமைப்பிடமோ ஒப்படையுங்கள். தொட்டித் தண்ணீரையும் ஓடையில் ஊற்றாதீர்கள்.

குட்டைக்குக் குட்டை போகும் நம் பூட்ஸும் அதே வேலையைச் செய்யும். முதலில் சேற்றை பிரஷ்ஷால் முழுக்கத் தேய்த்துக் கழுவுங்கள், சேறு இருக்கும் இடத்தில் மருந்து வேலை செய்யாது. பிறகு ஒரு பங்கு வீட்டு பிளீச்சை ஒன்பது பங்கு தண்ணீரில் கலந்து, பத்து நிமிடம் நனைய விட்டு, குட்டையிலிருந்து தள்ளி நல்ல தண்ணீரில் அலசிக் காயவையுங்கள். கலவையை அன்றன்று புதிதாகக் கலக்க வேண்டும், நேற்றையது வீரியம் இழந்திருக்கும். பிளீச் வாசனை இருக்கும் கையுறையோடு எந்தப் பிராணியையும் தொடாதீர்கள்.

கேள்வி: சாலையோ குட்டையோ அருகில் இல்லை, வீட்டுக்குப் பின்னால் காடு மட்டும் இருக்கிறது. எங்களால் ஆவது உண்டா?

விழுந்த மரத்தை அப்படியே மக்க விடுங்கள். சருகைக் கூட்டி எரிக்காதீர்கள். காட்டில் கல்லையோ கட்டையையோ புரட்டிப் பார்த்தால், அடியில் சாலமாண்டர் இருக்குமானால் அதை நகர்த்தி, கல்லை முன்பு இருந்த பள்ளத்திலேயே பொருந்தும்படி வைத்துவிட்டு, பிறகு பிராணியை ஓரத்தில் விடுங்கள். அதுவே உள்ளே நுழைந்துகொள்ளும். பிராணி இருக்க மேலே கல்லை இறக்கினால் நசுங்கிவிடும்.